யானைக்கு எடை போட்ட நாள்

எங்கள் யானை பதினொரு கிலோதான் இருந்தது. அதைப் பதினைந்தாக்கியவள் நான்.

யானை என்பது நாய்க்குட்டிக்கு நான் வைத்த பெயர். ஒடுகத்தூரில் லோடு வண்டி ஓட்டும் மாமா அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மலைமேல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பாதத்தைப் பாரு மச்சான், பணியாரம் கணக்கா இருக்குது. கன்னுக்குட்டி ஒசரம் வந்துடும்" என்று அப்பாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மாமாவின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் அப்பா நம்பினார். முந்தின வருஷம் காட்டுப்பன்றிகள் எங்கள் சாமைக் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போயிருந்தன. அவற்றை விரட்டப் பெரிய நாய் ஒன்று வேண்டியிருந்தது.

பெரிய ஜாதி நாய்க்கு நாலாம் மாத எடையை இரட்டித்தால் அதுதான் வளர்ந்த எடை என்று மாமா போனில் பார்த்துப் படித்துக் காட்டினார். முப்பது கிலோகூட இல்லாத நாயைப் பன்றி முன்னால் விடுவது பாவம் என்றார் அப்பா. ஆகவே ஓர் ஒப்பந்தம். நாலாம் மாதம் பதினைந்து கிலோ இருந்தால் குட்டி எங்களோடு இருக்கும். இல்லாவிட்டால் மாமா அதை எடுத்துக்கொண்டு, திருப்பத்தூரில் தெரிந்தவரிடமிருந்து வளர்ந்த நாய் ஒன்றைக் கொண்டுவந்து விடுவார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் நாய் என் இடுப்புக்கு வரும் என்று வகுப்பு முழுக்க அளந்து விட்டிருந்தேன். அது என் காலடியில்தான் படுக்கும்; நான் எழுந்தால்தான் எழும். அதை எப்படிக் கொடுப்பேன்? குட்டியோ காதை வளர்த்தது, வாலை வளர்த்தது, உடம்பை மட்டும் வளர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் போடும் முட்டையைத் தின்னாமல் டிபன் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டினேன். அத்தனை முட்டையும் எங்கே போனதோ! எடை போடுவதற்கு முந்தின நாள், புளி நிறுக்கும் கொக்கித் தராசில் அதைச் சாக்கோடு முக்கி முனகி மாட்டிப் பார்த்தேன். பதினொன்று.

புளி மூட்டைக்குள் கல் வைக்கிறவனைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காறித் துப்புவார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். துப்பியதை மறந்துவிட்டேன், வித்தையை மறக்கவில்லை. ஆட்டுப்பட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைப் பழந்துணியில் சுற்றிச் சாக்கின் அடியில் போட்டேன்.

மறுநாள் குட்டியைச் சாக்குக்குள் விட்டதும் அப்பா அதை ஒரு கையால் தூக்கினார். தூக்கியபடி சற்று நின்றார். பிறகு கொக்கியில் மாட்டினார்.

"எவ்ளோ பாப்பா? பாத்துச் சொல்லு."

"பதினஞ்சுப்பா."

"நல்லா பாத்தியா?"

"அய்ய, பதினஞ்சுதான்பா!" எனக்குக் கோபம் வேறு.

"நான் சொல்லல?" என்று மாமா தொடையைத் தட்டினார். அப்பா, "சரி, இருக்கட்டும்" என்று குட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் கல்லை எடுக்கப் போனேன். சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கல் பட்டிக் கதவடியில் இருந்தது. அம்மாதான் ஒன்றும் தெரியாமல் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். தப்பித்தேனடா சாமி என்றிருந்தது.

சாமை முற்றியது. அப்பா டார்ச்சும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு தனியாகவே காவலுக்குப் போனார். "யானைய இட்டுனு போப்பா, பின்ன அது எதுக்கு இருக்குது?" என்று தினமும் சண்டை பிடித்தேன். அது தூங்கட்டும் என்பார். என் நாயை அவமானப்படுத்துவதாக நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இன்னா ரோஷம் எனக்கு!

ஒருநாள் விடிந்ததும் அப்பாவைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பன்றி தொடையைக் கிழித்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து திரும்பினார். நான் அதோடு விட்டேனா? படுத்திருந்தவர் முன்னால் நின்று, "யானைய இட்டுனு போயிருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்று கேட்டேன். அவர் நாயின் தலையைத் தடவினார். "ஆமாம்மா. என் தப்புதான்" என்றார்.

யானை அதற்குமேல் அதிகம் வளரவில்லை. என் முழங்காலோடு நின்றுவிட்டது. கிழடாகி, என் காலடியிலேயே படுத்துச் செத்தது.

அப்பா இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். மூட்டை தூக்க முடியாது. போன புளிக் காலத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு மூட்டையின் வாயைப் பிடித்து லேசாகத் தூக்கி, "பதினேழரை" என்றார். நான் அதைத் தராசில் மாட்டினேன். பதினேழரை. அடுத்தது, "பதினாலு." பதினாலு. சின்ன வயதிலிருந்தே மூட்டை தூக்கிய கை, தராசு எதற்கு என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைக்கு அன்று நாலு கிலோ கல் தெரியாமலா இருந்திருக்கும்? கல்லைப் பட்டிக்கே கொண்டுபோய் வைத்தது யார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்காக அந்தப் பெரிய நாயை வேண்டாமென்று விட்டுவிட்டு, என் குட்டியையும் பன்றிக்குக் கொடுக்காமல், தானே போய் நின்றிருக்கிறார்.

அதற்கு முன்னால் என்னை இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நான் பதினைந்து என்றுதான் சொன்னேன்.