ஆணியில் மாட்டிய தாலி

கனிமொழி எட்டு வருஷம் வீராசாமியின் மெல்லிசைக் குழுவில் பாடினாள். ஆவடி, பாடி, பூந்தமல்லி என்று கோயில் திருவிழா மேடைகள். ஜோடிப் பாட்டில் பெண் குரல், அவ்வளவுதான். சொந்தப் பாட்டு ஒன்று பாட ஒருநாள் ஐந்து நிமிடம் கேட்டாள்.

“ஜனங்க சினிமா பாட்டு கேக்க வந்துகீறாங்கோ. உன் கதைய யாரும்மா கேக்கறது?” என்றார் வீராசாமி.

அந்த மாதமே விலகினாள்.

அக்கா தேன்மொழி அப்போது கோவில்பதாகையில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள், இடது கையில் மாவுக்கட்டோடு. ஆறு வயது மகளைப் புருஷன் அனுப்பவில்லை. கிளம்பும்போது தாலியைக் கழற்றி அவன் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்ததை ஒரு மதியம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கனிமொழி அதைப் பாட்டாக எழுதினாள். எதிரொலி வராதிருக்க பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு போனிலேயே பாடிப் பதிந்தாள்.

*ஆணியில மாட்டினேன், ஆணி அழல.*
*கழுத்து லேசாச்சு, நானும் அழல.*

தன் யூடியூப் சேனலில் போட்டாள். பதினோரு லட்சம் பேர் கேட்டார்கள். அம்பத்தூர் தையல் கம்பெனிப் பெண்கள் வேனில் பாடிக்கொண்டு போனார்கள். இப்போது கச்சேரி போஸ்டர்களில் கனிமொழியின் முகம் மட்டும் இருந்தது.

அடுத்த வருஷம் தேன்மொழி திரும்பிப் போக முடிவுசெய்தாள். புருஷன் திருமுருகன் ஒரே நிபந்தனை போட்டான். அந்தப் பாட்டு இருக்கக் கூடாது.

“மறுபடி அடிச்சான்னா இன்னா பண்ணுவே?”

“பாப்பாவுக்குப் பல்லு விழுந்துச்சாம்டி. எனக்கு போட்டோதான் வந்துச்சு.”

“அது என் பாட்டுக்கா.”

“பாட்டு உன்னுது. தாலி என்னுதுடி.”

கனிமொழி தன் சேனலிலிருந்து பாட்டை அழித்தாள். இனி எங்கும் பாடுவதில்லை என்று திருமுருகனிடம் போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை அக்கா போய்விட்டாள்.

மார்ச்சில் ஒரு பெண்கள் கல்லூரியில் மேடை. “ஆணிப் பாட்டு!” என்று கத்தினார்கள்.

“அது இப்ப இல்லம்மா.”

“எங்க போன்ல கீதுக்கா! நீ சும்மா நில்லு, நாங்க பாடறோம்.”

பாட்டைத் துண்டுதுண்டாக வெட்டி எல்லோரும் போனில் வைத்திருந்தார்கள். தன் சேனலில் அழித்தால் போதுமென்று அவள் நினைத்திருந்தாள். அறுநூறு பேர் ஒரு வரி விடாமல் பாடினார்கள். யாரோ எடுத்த வீடியோவில் அவள் மைக்கைக் கீழே இறக்கி நின்றதும் இருந்தது. சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் போயிற்று.

அக்கா போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் திருநின்றவூரில் அக்கா வீட்டுக்குப் போனாள். திருமுருகன் நாற்காலி போட்டான்.

“நான் பாடல மாமா. அந்தப் பொண்ணுங்கதான்.”

“பார்த்தேன். ஆபீஸ்ல காட்டுனாங்க. உங்க அக்காவுக்கு இனிமே போன் வேணாம்னு சொல்லிட்டேன். காபி சாப்பிட்டுப் போ.”

காபி குடித்தாள். வாசல்வரை தேன்மொழி வந்தாள்.

“இனிமே வராதடி. திரும்ப பாப்பாவ விட்டுட்டு வர என்னால முடியாது.”

உள்ளிருந்து குழந்தை ஓடிவந்தது. “சித்தி” என்றது. தேன்மொழி கதவைச் சாத்தினாள்.