படலுக்கு வெளியே நின்ற எந்திரம்

இதற்கு லக்கேஜ் டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்டதும் பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் பல் முளைக்கிற குழந்தை. காலடியில் கல்லூரிக்குச் சொந்தமான ரோபோ. கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் எதை முதலில் பிடிப்பது என்று பதறினேன். ரோபோ சரிந்து விளக்கு உடைந்தால் என் ஆராய்ச்சிக் கைடுக்கு என்ன பதில் சொல்வது, குழந்தை வாந்தி எடுத்தால் மாமியாருக்கு என்ன பதில் சொல்வது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே யாருக்கோ சொல்லவேண்டிய பதிலாகத்தான் இருந்தது. கைடு மறுநாள் காரில் வருவதாக ஏற்பாடு. அவர் காரில் ரோபோவுக்கு இடமில்லையாம்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. அடிவாரத்தில் மிளகும் ராகியும் வாங்கி விற்ற என் அத்தா, சொந்தக்காரர்கள் முணுமுணுத்தாலும் என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவருக்குக் கொல்லிமலையில் வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கே திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் கீழே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். தங்களை நோக்கி நகர்ந்து வந்து பேசும் ஓர் எந்திரத்தை மனிதர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் என் பாடம். மனுசங்களோடு பழகவே பொழுது போதவில்லை, இதில் எந்திரத்தோடு வேறு பழக வேண்டுமா என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

ரோபோ இடுப்பளவு உயரம். கீழே சக்கரங்கள், மேலே தகரத் தலை, கண்ணுக்குப் பதிலாக இரண்டு விளக்குகள், வயிற்றில் ஒரு ஸ்பீக்கர். ஓர் ஆளைப் பார்த்தால் கைக்கு எட்டும் தூரம்வரை நேராகப் போகும், முகத்தைப் பார்க்கும், வணக்கம் சொல்லும். கல்லூரி மாணவர்கள் அதற்குப் பதில் வணக்கம் சொன்னார்கள், தலையைத் தட்டிக் கொடுத்தார்கள், தொப்பி மாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரே பார்க்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க கைடு ஆசைப்பட்டார். நான் குடியிருந்த மலையே அவருக்கு வசதியாகப் போயிற்று.

உண்மையில் அது தானாக நகரவில்லை. பாதியை நாங்கள் எழுதிய நிரல் பார்த்துக்கொண்டது. மீதியை ஒருவர் மறைவில் இருந்து ஜாய்ஸ்டிக்கால் ஓட்டவேண்டும். எங்கள் துறையில் இது வழக்கம்தான். ஓட்டுபவர் இருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விதி. சோதனை அன்று வேலி ஓரம் தார்ப்பாய் கட்டி, அதன் பின்னால் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

முதல் வீட்டு அக்கா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நாங்கள் பால் வாங்குவது அவரிடம்தான். ஊரில் ஒரு சோதனை நடக்கும் என்று முன்பே சொல்லி, சம்மதம் வாங்கியிருந்தோம். எப்போது, எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. ரோபோ திறந்திருந்த வேலிப் படலைத் தாண்டி, வாசலைக் கடந்து, கிழங்குக் கூடைக்கு அருகில் போய் நின்று, முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னது. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டிலும் இதேதான். அதற்கடுத்த வீட்டில் அதைத் தூரத்தில் பார்த்ததுமே கதவு சாத்தியாயிற்று.

தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த கைடுக்குப் பரம திருப்தி. மலைப்பெண்கள் எந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று அங்கேயே குறித்துக்கொண்டார். இதை வைத்து வெளிநாட்டு மாநாட்டுக்கே கட்டுரை அனுப்பலாம் என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டியபோதே பால் அக்காவின் நினைவு வந்தது. பன்றி விரட்ட இருட்டில் தனியாகக் காட்டுக்குப் போகும் பெண் அவர். தகரத் தலையைப் பார்த்தா பயந்திருப்பார்?

பால் வாங்கப் போகும்போது நானே எப்படிப் போகிறேன் என்று யோசித்தேன். படலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பேன். உள்ளிருந்து வா என்ற சொல் வரும்வரை காலை எடுத்து வைக்க மாட்டேன். அந்த ஊரில் எவரும் அப்படித்தான். என் பிறந்த வீட்டிலும் வேறு மாதிரி இல்லை. வாசலில் நின்று ஸலாம் சொல்லவேண்டும், மூன்று முறை சொல்லியும் பதில் வரவில்லையென்றால் மனதில் குறை வைக்காமல் திரும்பிவிட வேண்டும். இத்தனையும் தெரிந்த நான்தான் அந்த எந்திரத்துக்கு நேராக உள்ளே போகக் கற்றுக்கொடுத்திருந்தேன். இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. பழகியவர்கள் என்பதால் அவர்களுக்குப் பரிந்து யோசிக்கிறேனோ? மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நேராகவே கேட்டேன்.

"பயமா? எதுக்குங்க பயம்?" என்றார் அக்கா. "கூப்புடாம வாசலுக்குள்ள வாரது நாயின்னா வெரட்டுவோம். ஆம்பளன்னா உள்ள போயிருவோம். அது எதுல சேத்தின்னு தெரியலைங்க. எதுக்கும் இருக்கட்டும்னு உள்ள போயிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, அந்தத் தார்ப்பாய்க்குள்ள கொழந்தையவும் வெச்சுக்கிட்டா ஒளிஞ்சிருந்தீங்க? சாமிக்கு எப்படி வேர்த்திருக்கும்?"

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாத்தியார் வீட்டு அம்மா வேலி ஓரம் உட்கார்ந்துகொண்டு ஒரு தகரப் பெட்டியை வீடு வீடாக உள்ளே விடுகிறாள் என்று ஊரே பேசியிருக்கிறது. மூன்றாவது வீட்டில் கதவை முன்கூட்டியே சாத்தியதற்கும் அதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். இதைக் கைடிடம் சொன்னால் அன்றைய சோதனையே செல்லாது, சொல்லாவிட்டால் பட்டம் சீக்கிரம் கிடைக்கும் என்றார் அவர். என்னைத் தடுக்கவில்லை, தூண்டவும் இல்லை. நீ யோசித்துச் செய் என்றார். யோசிப்பதில்தான் நான் கெட்டிக்காரி ஆயிற்றே. யோசித்து யோசித்துச் சாம்பாரைத் தீய விட்டேன்.

கைடின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கதவு சாத்தப்பட்டது, அது தரவு. ஏன் சாத்தினாள் என்பது வெறும் வாய்ப்பேச்சு. ஓட்டியவர் யார் என்பதை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"கைக்குழந்தையோட உன்னால சரியா கவனிக்க முடியலம்மா. அதுல தப்பில்ல. ஒரு வருஷம் வீட்டுல இருந்துட்டு வா. கட்டுரையை நான் பாத்துக்கறேன்."

அவர் கனிவாகச் சொன்னதுதான் என்னை உசுப்பிவிட்டது. குழந்தையை வைத்துக்கொண்டு நான் கவனித்தது அவருக்குக் கவனிப்பாகவே படவில்லை. அந்தப் பெண்கள் பேசியது அவருக்குப் பேச்சாகவே படவில்லை.

"பயந்தாங்கன்னு எழுத மாட்டேன் சார்," என்றேன். "கேட்டுட்டு வந்துட்டேன். நீங்க எழுதினாலும் அதுல என் பேர் வேண்டாம்."

வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கத் திரும்பிப் போகலாமா என்று படிக்கட்டிலேயே நின்றேன். போகவில்லை.

கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ரோபோவை மறுபடி மலைக்கு ஏற்றினேன். நிரலை மாற்றியிருந்தேன். இப்போது அது படலுக்கு வெளியே நிற்கும். ஒரு மணியோசை கொடுக்கும். வீட்டைப் பார்க்காமல் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும். சற்று விட்டு மறுபடி ஓசை கொடுக்கும். மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடும். தார்ப்பாய் இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஜாய்ஸ்டிக்கும் குழந்தையுமாகப் பாறைமேல் உட்கார்ந்தேன்.

சில வீடுகளில் உள்ளே வரச்சொன்னார்கள். ஒருவர் அதற்கு உட்கார மணை எடுத்துப் போட்டார். சில வீடுகளில் யாரும் வரவில்லை, அது திரும்பிவிட்டது. பால் அக்கா வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைத் தலைமுதல் சக்கரம்வரை பார்த்தார். இன்றைக்கு வேலை கிடக்கிறது, போய்விட்டு இன்னொரு நாள் வா என்றார். என்னிடம் சொல்லவில்லை, அதனிடமேதான் சொன்னார். நான் திருப்பினேன், அது போயிற்று. மூன்று விதத்தையும் ஒரே மதிப்பில் எழுதினேன். வா என்றதும் பதில், போ என்றதும் பதில், பேசாமல் இருந்ததும் பதில்.

திரும்பிப் போகிற எந்திரத்தை எவன் வாங்குவான் என்று கைடு கேட்டார். என் புதிய அறிக்கையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. வேறு துறையில் ஒரு பேராசிரியை என்னை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். ஆனால் செய்தவற்றில் பாதியைப் புதிதாகச் செய்யவேண்டும், பட்டம் தள்ளிப்போகும் என்று முதலிலேயே சொன்னார். எத்தனை வருடம் என்று மாமியார் கேட்டார். தெரியாது என்றேன். குழந்தையை எங்கே விடுவாய் என்றார். விடப்போவதில்லை, கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல்முறை. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பஸ்ஸில் குழந்தைக்குக் காது அடைக்காமல் துணி கட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

கைடை மாற்றக் கோரும் விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்கப் போன அன்று இது சரியா, தப்பா என்று கடைசிப் படி வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை. இன்றைக்கும் பாதி இரவுகளில் நிச்சயமில்லை. அந்தப் பெண்கள் பயப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம். அதை வைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.