ஞானஸ்நானப் புத்தகத்தில் எனக்கு நடந்த கல்யாணம்

சுனாமிக்குச் சில வருடங்களுக்கு முன்பு, தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நானும் அம்மாவும் செங்கல்பட்டில் குடியிருந்தோம். அப்பா இறந்துவிட்டார். நான் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ், நடுவில் நாளெல்லாம் ரப்பர் வாசனை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் வேலை, புதுப்பட்டினத்தில் வீடு, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் ஆயிரம் கவலை. எனக்கு ஜாக்கெட் தைப்பவள் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் கத்தோலிக்க வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பதுதான் ஓலை. அதற்கு முன்னால், நாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போய்ப் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சான்றிதழ் செல்லாது. காரணம் இருக்கிறது. ஒருவருக்கு எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும், அங்கிருந்து ஒரு சீட்டு அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போகும். அங்கே பழைய பதிவேட்டைத் திறந்து, அவர் பெயருக்கு நேராக ஓரத்தில் அந்தக் கல்யாணத்தைக் குறித்துவைப்பார்கள். ஓரம் காலியாக இருந்தால் ஆளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் நான் பிறந்தது அம்மாவின் ஊரில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்னக் குப்பம். அங்கே ஒரு மாதா கோயில். ஒரு சனிக்கிழமை அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். சான்றிதழை வாங்கிக்கொண்டு, மதியம் மாமா வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

கோயிலைக் கவனிக்கும் பங்குச் சாமியார் இளவயசுக்காரர். அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. இரும்பு பீரோவைத் திறந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்த ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு முதல் கல்யாணம்தானேம்மா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரியாக இருந்தன. அதே வரிக்கு நேராக, ஓரத்தில் நீல மையில், எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தேதி இருந்தது. நான் கேள்வியே பட்டிராத ஒரு மனிதரின் பெயர் என் புருஷனாக இருந்தது. எந்த ஊர்க் கோயிலில் என்பதை மட்டும் பூச்சி தின்றுவிட்டிருந்தது. அந்தத் தேதியில் நான் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இன்னா சாமி இது? எம் பொண்ணு இன்னும் தாலியே கண்டதில்ல!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் எனக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா என்று கத்தினேன். சாமியார் பொறுமையாக என் வரிக்கு மேல் வரியைக் காட்டினார். அங்கேயும் என் பெயர் இருந்தது. அதற்கும் மேலே, இன்னொரு முறை.

விஷயம் இதுதான். அந்த ஊரில், மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு பெண் குழந்தை பிறந்தால் மாதாவின் பெயரைத்தான் வைப்பார்கள். வேறு பெயரை யோசிக்கக்கூட மாட்டார்கள். திருவிழா முடிகிற அன்று எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக ஞானஸ்நானம். அதனால் அந்தப் பக்கத்தில் வரிசையாக ஒரே பெயர். அதோடு, ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே புனிதர் பெயர். எனக்கு மேல் வரியில் இருந்தவளின் அப்பா பெயரும் என் அப்பா பெயரும் ஒன்று. அம்மா பெயர் மட்டும்தான் வேறு. அவளுடைய ஓரம் வெள்ளையாக இருந்தது. யாரோ ஒரு வரி கீழே இறங்கி எழுதிவிட்டார்கள் என்பது பார்த்தாலே புரிந்தது.

அந்தப் பெண் இப்போது எங்கே என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையோடு ஊரைவிட்டுப் போன குடும்பம் என்பது மட்டும் நினைவிருந்தது.

சாமியாருக்கும் விஷயம் புரிந்தது. "நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா. ஆனா ஒரு கல்யாணத்தை என் இஷ்டத்துக்கு அடிச்சுட முடியாது. அடிச்சது தப்பா போச்சுன்னா?" என்றார். கல்யாணச் சீட்டில் அம்மா பெயருக்கு இடமே கிடையாதாம். ஆனால் கல்யாணம் நடந்த கோயில் எது என்று இருக்கும். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பதிவேட்டுக்கு ஒரு பிரதி எழுதி, வந்த சீட்டுகளையும் சேர்த்துக் கட்டி, சென்னையில் உள்ள பேராயர் தலைமையிடத்தின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அங்கே போய்ச் சீட்டைத் தேடுங்கள், அந்தக் கோயிலிலிருந்து ஆள் யாரென்று தெரிந்தால் திருத்தலாம் என்று சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதுவரை சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் ஓலை இல்லை. ஓலை இல்லாமல் கல்யாணம் இல்லை.

இவ்வளவும் பேசி முடிக்கும்வரை புத்தகம் மேஜைமேல் திறந்தே கிடந்தது. வீட்டு விசேஷத்துக்குப் பூசை வைக்கச் சொல்ல வந்த ஒரு அம்மாள் எங்களுக்குப் பின்னால் நின்று, கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கவனிக்கவில்லை. மறுநாள் மீன் கூடைகளோடு சேர்ந்து சேதியும் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் இறங்கியது. செங்கல்பட்டுப் பொண்ணு ஏற்கெனவே ஒருத்தனைக் கட்டிக்கினு வுட்டுட்டு வந்ததாமே என்று.

நல்லவேளை, குப்பத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டு நானே சொல்லிவிட்டிருந்தேன். அவர் குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஆளு எப்படி? என்னைவிட நல்ல வேலையா?" என்று கேட்டார்.

பூத்துக்குள்ளேயே அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். அவர் நம்பினார், ஆனால் அவருடைய அம்மா, சான்றிதழ் கைக்கு வரும்வரை ஒரு பத்திரிகைகூட வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் அம்மா சாப்பிடவே மறந்துவிட்டாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

லீவு போட்டுவிட்டு, நானும் மாப்பிள்ளையும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். காப்பகம் என்றதும் பெரிய நூலகம் மாதிரி கற்பனை செய்திருந்தேன். ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம், கம்பிக் கதவு போட்ட நீளமான அறை. உள்ளே அலமாரி அலமாரியாகக் கட்டுகள். பூச்சி உருண்டை நெடி மூக்கைத் துளைத்தது. பொறுப்பில் இருந்த வயதான சாமியார் எங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முத்திரை இல்லையே என்றார். குப்பத்துப் பங்குச் சாமியார் கையெழுத்துப் போட்டவர் முத்திரை குத்த மறந்துவிட்டார். வெளியாட்களை உள்ளே விடும் வழக்கமும் இல்லையாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் பேர்ல தப்பா எழுதும்போது என்னைக் கேட்டீங்களா ஃபாதர்? பார்க்க வரும்போது மட்டும் முத்திரை, சட்டம் எல்லாமா?" என்று கேட்டுவிட்டேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து அழுத்தினார். சாமியார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"உட்காரும்மா. உள்ள நான்தான் போவேன். ஆனா போவேன்" என்றார்.

நெடுநேரம் கழித்து, தூசி தட்டிய ஒரு கட்டோடு வந்தார். நூலை அவிழ்த்துக்கொண்டே பேசினார். அந்தக் கடலோரக் கோயில்களின் ஆதிப் பதிவேடுகள் லத்தீனில் இருக்குமாம். அந்தக் காலத்து வெளிநாட்டுச் சாமியார்கள் பக்கிங்காம் கால்வாயில் படகு பிடித்து ஊர் ஊராகப் போய் எழுதியவை. படகு கவிழ்ந்து பதிவுகள் போனதும் உண்டாம். அதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டாக எழுதி ஒன்றை இங்கே வைப்பதாம். கேட்கும் நிலைமையில் நான் இல்லை. என் கண் முழுக்கச் சீட்டுகள் மேல்தான் இருந்தது.

பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. சீட்டுகளைப் பெரிய தாள்களில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்தார். ஒன்றை அந்தச் சீட்டுக்கு மேலே வைத்தார், இன்னொன்றைக் கீழே வைத்தார். நடுவில் ஒரே ஒரு சீட்டு மட்டும் தெரிய, எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"மத்ததெல்லாம் அடுத்தவங்க வீட்டு விஷயம்மா" என்றார்.

குப்பத்தில் திறந்து கிடந்த புத்தகமும், கழுத்தை நீட்டிய அம்மாளும் ஞாபகம் வந்தது. எந்தக் கதவைப் பார்த்து அரைமணி நேரமாக எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேனோ, அந்தக் கதவு எனக்கும் சேர்த்துத்தான் காவல் நிற்கிறது என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

சீட்டில் கோயில் பெயர் தெளிவாக இருந்தது. வடசென்னையில், துறைமுகத்துப் பக்கம். சாமியார் அப்போதே அந்தக் கோயிலுக்குப் போன் செய்தார். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். கல்யாணமான அந்தப் பெண் இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள், வருவாளா, ஒன்றும் தெரியாமல் வீடு திரும்பினோம். ஒரு ஞாயிறு ஓலை இல்லாமல் போயிற்று. கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு எழுந்தது. தள்ளிவைத்தால் அவ்வளவுதான், ஊர் சொன்னது உண்மையாகிவிடும் என்று எனக்குத் தெரியும். வேலையில் கை ஓடவில்லை.

அந்த வாரமே, சனிக்கிழமை வரச் சொல்லிக் குப்பத்திலிருந்து தகவல் வந்தது. நானும் அம்மாவும் போய்க் கோயில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மதியம் பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி மணலில் நடந்து வந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று, முன்னால் ஓடிவந்த இன்னொன்று. அவள் என் வயதுதான், ஆனால் குரல் எனக்கு இரண்டு பங்கு.

"இன்னா ஃபாதர், மூணு புள்ள பெத்துகினு கீறேன். உங்க புக்குல நான் இன்னும் கன்னிப் பொண்ணா?"

பங்குச் சாமியார் முதல்முறையாகச் சிரித்தார். அவள் அடுத்து என்னைப் பார்த்தாள். "நீதானா என் வூட்டுக்காரர கட்டிக்கினவ? நல்லா பாத்துக்கோ, வோணும்னா இட்டுகினு போ. பேஜாரு புடிச்ச ஆளு" என்றாள். அவள் புருஷன் கூச்சத்தில் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மா மூக்கு அப்படியே கீது" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். வரும்போதே அவள் தன் கோயிலில் கல்யாணப் பதிவை எழுதி வாங்கி, முத்திரையும் குத்திக் கொண்டுவந்திருந்தாள். அதில் அவள் அம்மாவின் பெயர் இருந்தது. என் வரிக்கு மேலே இருந்த அதே பெயர். சாமியார் தலைமையிடத்துக்குப் போன் செய்து அனுமதி வாங்கிக்கொண்டு, என் ஓரத்தில் இருந்ததை ஒரே கோடாக அடித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் ஓரத்தில் அவளுடைய கல்யாணத்தை எழுதினார். பிறகு என் சான்றிதழை எழுதி, மறக்காமல் முத்திரை குத்தினார். அதைக் கையில் வாங்கி, என் பெயரை இரண்டு முறை படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்பதைவிட, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருந்து இறங்கிப் போன மாதிரி இருந்தது.

மாமா வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவளுக்குத் துறைமுகத்துப் பக்கம் மீன் வியாபாரம். விற்கிற நாளை விட்டுவிட்டு, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, யாரென்றே தெரியாத எனக்காக இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"வராம இன்னா? எம் பேர வச்சிகினு ஒருத்தி தல குனிஞ்சி நின்னா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, கடைசிக் குழந்தைக்கு முள் எடுக்கத் தொடங்கினாள்.

மறுநாளே முதல் ஓலை வாசிக்கப்பட்டது. பத்திரிகைகள் வெளியே போயின. குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. அவள் குடும்பத்தோடு வந்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், பொண்ணு தங்கம், நான் கேரண்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். சில வருடம் கழித்துச் சுனாமியில் அந்த இரும்பு பீரோவுக்குள் தண்ணீர் ஏறி, அந்தப் புத்தகம் கூழாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். காப்பகத்துச் சாமியார் குப்பத்திலிருந்து விவரம் கேட்டு வாங்கி, சென்னைப் பிரதியிலும் திருத்தத்தை எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் புதுப் புத்தகம் எழுதினார்களாம். எங்கள் இரண்டு பேர் வரியும் அதில் சரியாக இருக்கிறது.

இன்றைக்கும் எங்கேயாவது யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இது எனக்கு மட்டும் சொந்தமான பெயர் இல்லை, இதற்கு ஒரு கெட்ட பேர் வராமல் பாதுகாத்துக் கொடுத்தவள் ஒருத்தி துறைமுகத்துப் பக்கம் மீன் விற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பேன்.