ருஷ்யன் தெரிந்த இரண்டு பேர்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ருஷ்யன் தெரிந்த தமிழர் இரண்டே பேர்: சண்முகலிங்கமும் ஆனந்தராஜாவும். மொஸ்கோவில் ஒரே அறையில் இருந்து பொறியியல் படித்தவர்கள், இப்போது கோழித் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்டினார்கள். ஆனந்தராஜாவின் ருஷ்யன் கட்டுரைகளை அந்த நாளில் திருத்திக் கொடுத்தது சண்முகலிங்கம்தான்.

எண்பத்தெட்டில், டேனிஷ் இராணுவத்தில் உளவு வேலைக்கென்று ருஷ்யன் படிக்கும் சிப்பாய்களோடு கதைத்துப் பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று டேனிஷ் வகுப்பு ஆசிரியை சொன்னார். இருவரும் எழுதிப்போட்டார்கள். நேர்முகத்துக்கு ஆனந்தராஜாவின் காரிலேயே போனார்கள். சண்முகலிங்கத்தோடு முக்கால் மணித்தியாலம் கதைத்த அதிகாரி, "உங்கள் ருஷ்யன் மிகச் சுத்தம்" என்று மெச்சிவிட்டுப் படிவத்தைப் புரட்டினார்.

"மனைவி எங்கே?"

"யாழ்ப்பாணத்தில். கூப்பிட எழுதிப்போட்டு ஒன்றரை வருடம். உங்கள் நீதி அமைச்சுதான் இன்னும் பதில் தரவில்லை."

அதிகாரி பேனையை மூடினார். "மனைவி அங்கே இருந்தால், அவரை வைத்து யாரும் உங்களை மிரட்டலாம். எடுக்க முடியாது. மன்னிக்க வேண்டும்."

ஆனந்தராஜாவின் மனைவி விமலராணியோ, தமிழர் குடும்பங்களைக் கூப்பிடுவதை அமைச்சு நிறுத்தி வைக்கச் சற்று முன்னரே வந்து சேர்ந்தவள். அவள் கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பெட்டியை அவன் திறக்கும்போதே சண்முகலிங்கத்துக்கு வயிறு எரியும். இனி வேலையும் அவனுக்கா?

அடுத்த கிழமை வேறொரு அதிகாரி சண்முகலிங்கத்தின் அறைக்கு வந்து, ஆனந்தராஜா நம்பிக்கையான ஆளா என்று விசாரித்தார். தேத்தண்ணி ஊற்றியபடியே சண்முகலிங்கம் சொன்னார்: "நல்லவன்தான். ஆனால் அவன் தம்பி ஊரில் இயக்கத்தில் இருக்கிறான்."

அதிகாரி குறித்துக்கொண்டு போனார். சண்முகலிங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. என்றாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஒரு மாதத்தில் ஆனந்தராஜா படியேறி ஓடிவந்தான். "மச்சான், வேலை கிடைச்சிட்டுது!"

"தம்பியைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"அதை முதல் நாளே நான் சொல்லிப்போட்டன். ஒளிச்சாத்தானே பிழை." சொன்னவன் சட்டென்று நின்றான். "நீ ஏன் அதைக் கேக்கிறாய்?"

"சும்மா."

ஆனந்தராஜா அவர் முகத்தையே பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான். அடுத்த மாதமே அவனும் விமலராணியும் வீடு மாறிப் போய்விட்டார்கள். அவனுடைய கார் இல்லாமல் சண்முகலிங்கம் தொழிற்சாலைக்குப் பனிக்குள் சைக்கிள் மிதித்தார்.

எண்பத்தொன்பதில் குடும்பங்களைக் கூப்பிடுவதற்கு இருந்த தடை நீங்கியது. மாரிக்கு முன் சண்முகலிங்கத்தின் மனைவி ராசமலர் வந்து இறங்கினாள். "ஆனந்தராஜா அண்ணை வீட்டை ஒருக்காப் போயிட்டு வருவமே" என்று அவள் கேட்கக் கேட்க அவர் சாட்டுச் சொன்னார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டினார்.

"வேலை போனது அமைச்சு என்னை மறிச்சு வைச்சதால. அந்த மனுசனில ஏன் எரிஞ்சனீங்கள்?" என்றாள் ராசமலர்.

"அமைச்சு எனக்கு முன்னால நிக்கேல்லை. இவன்தான் நிண்டான்."

அவள் வற்புறுத்தி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனந்தராஜா கதவு திறந்து இருக்கச் சொன்னான், பிள்ளையைக் காட்டினான், பழைய கதை எதையும் எடுக்கவில்லை. பெண்கள் இருவரும் அன்றைக்கே சிநேகிதமானார்கள். சண்முகலிங்கம் கதிரையின் விளிம்பில் இருந்து, சீருடைக்காரர்களோடு அவன் நிற்கும், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மனைவி பக்கத்தில் இருந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. திரும்பி வரும் வழியில் அதையும் ராசமலரிடம் ஒளிக்காமல் சொன்னார்.