வல்லத்து மில்லில் மெஷின் நிறுத்திய கதை

ஆட்டோமேஷன் பிட்டர் என்றால், கம்பெனியில் பாகங்களைக் கோத்து மெஷினாக்கி, வாங்கியவர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அது ஒழுங்காக ஓடும்வரை அங்கேயே பேச்சு வாங்குகிறவன். நீங்களும் இதே தொழில் என்றால் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எனக்கு ஊர் செஞ்சி. பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லுக்கு (உங்கள் ஊரில் வேர்க்கடலை) மூட்டை பிடிக்கும் மெஷின் மாட்டப் போ என்றதும், வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்று சந்தோஷமாகக் கிளம்பினேன்.

தரை

மெஷினை நிறுத்தி ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவுக்கு வரவே இல்லை. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அப்படியே விட்டால் எடை தப்பும். "தரைய உடைச்சுப் போடணும் சார்" என்றேன். மில் முதலாளி என் தோளில் கைபோட்டு வெளியே லாரி நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனார்.

"தரை போட்டது எங்க வீட்டம்மாவோட தம்பி. நீ அடியில தகடு கிகடு வச்சுத் தூக்கிக்கப்பா. தரைன்ற பேச்ச மட்டும் உள்ள எடுக்காத."

சுவிட்ச்

அதுவரை மூட்டை பிடித்து, எடை போட்டுத் தைத்தவர்கள் கன்னியம்மாக்காவும் சரசக்காவும். நான் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது கன்னியம்மாக்கா பக்கத்தில் வந்து, "இது ஓட ஆரம்பிச்சா எங்கள நிறுத்திடுவாங்களாப்பா?" என்று கேட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். முதலாளியிடம் போய், "சாக்கு மாட்டி சுவிட்ச் போட ஆள் வேணும் சார். புதுசா தேடாதீங்க, இவங்களே இருக்கட்டும்" என்றேன். ஒருத்தர் போதும் என்றார். கன்னியம்மா இருக்கட்டும், சரசு வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்று முடிவானது.

மறுநாள் இரண்டு பேருமே வந்தார்கள். கன்னியம்மாக்கா சொன்னார்: "ஒரு வாரம் நானு, ஒரு வாரம் சரசுன்னு மொதலாளிகிட்ட பேசிட்டேன். அந்த சுச்ச இவளுக்கும் சொல்லிக்குடு."

கை

சாக்கின் வாயைக் கவ்விப் பிடிக்க ஒரு பாகம் உண்டு, கவ்வி என்போம். கை மாட்டினால் நசுங்கிவிடும். அதனால் முன்னால் சென்சார் வைத்திருப்போம். கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும். ஓட்டிப் பார்த்த அன்று, சாக்கைச் சரிசெய்ய யாராவது கை நீட்ட நீட்ட, அடிக்கடி நின்றது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அந்த சென்சார கழட்டிவிடு" என்றார். மாட்டேன் என்றேன். என் மேனேஜருக்குப் போன் போட்டார். "அவர் சொல்றத செஞ்சுட்டு வந்துடு" என்றார் மேனேஜர். வேலை போனாலும் போகட்டும் என்று டூல் பாக்ஸை மூடி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கோபத்தில் முதலாளி தானே ஓட்டினார். ஒரு சாக்கு கோணலாக மாட்டியது. அதை நேராக்கப் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். மெஷின் நின்றது. கவ்வி பாதி மூடியபடி அவர் மணிக்கட்டுக்கு மேலே இருந்தது. கையை மெதுவாக வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவிட்சை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"வாப்பா, டீ சாப்டலாம்."

அந்த மெஷின் சென்சாரோடு இன்றுவரை கோளாறில்லாமல் ஓடுவதால் வல்லத்திலிருந்து எனக்கு ஒரு போன்கூட வருவதில்லை. பிட்டர் வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களே, நம் தொழிலில் பாராட்டு என்பது அவ்வளவுதான்.