மோமோ தட்டில் கைவைத்த மேனேஜர்

எனக்கும் என் கணவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அபூர்வம். அவர் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். நான் வேறொரு கம்பெனியில், வண்டிகளுக்கான ஒயர்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். அவர் ஷிஃப்ட் முடித்து வரும்போது நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். பல நாள் வாசலில் சாவியைக் கைமாற்றுவதோடு சரி எங்கள் குடித்தனம்.

அப்படி அதிசயமாக அமைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் புதிதாகத் திறந்திருந்த இந்திய நேபாள உணவகத்துக்குப் போனோம். நேபாளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நடத்துகிறார்கள். கணவர் அடுப்படியில், மனைவி கல்லாவையும் மேசைகளையும் பார்த்துக்கொண்டார். என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் அந்தக் கடை மோமோவைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிப் பேசி என் நாக்கில் எச்சில் ஊற வைத்திருந்தார்கள்.

குட்டிக் கொழுக்கட்டை போல, ஆவி பறக்க மோமோ வந்தது. பக்கத்தில் சிவப்புச் சட்னி. நான் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். என் கணவர் சட்டென்று எழுந்து நின்றார். எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது அவருடைய மேனேஜர்.

"ஃபேமிலியோட வந்தியா? உக்காருப்பா. பார்சல் சொல்லியிருக்கேன், வர்ற வரைக்கும்தான்" என்றபடி எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். அவருக்கு இடம்விட, என் கணவர் என்னைச் சுவரோரம் தள்ளி உட்காரச் சொன்னார். தள்ளினேன். மேனேஜர் கேட்காமலே என் தட்டிலிருந்து ஒரு மோமோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

"லைன் இன்சார்ஜ் இடம் காலியாவுது, தெரியுமில்ல? உன் பேரத்தான் நெனச்சிருக்கேன். ஆனா கூப்ட்ட நேரத்துக்கு வரணும். வொய்ஃப் ட்யூட்டிக்குப் போயிட்டா, வீட்ல ஆளில்லன்னு சாக்கு சொல்லக்கூடாது. பேசாம அவங்க வேலய நிறுத்திரு. ரெண்டு பேரும் ஓடிட்டே இருந்தா குடும்பம் என்னாத்துக்கு?"

நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை.

என் கணவர் சிரித்தார். "நிறுத்திரலாம் சார். நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தனியாக ரயிலேறி வந்து, ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சிக் கடியோடு கிடந்து, நின்று நின்று கால் வீங்கி நான் தேடிக்கொண்ட வேலை. வேலைக்குப் போகும் பெண்தான் வேண்டும் என்று சொல்லி என்னைப் பெண் பார்க்க வந்தது இவருடைய குடும்பம்.

"சார், அது என் வேலை" என்றேன். "நிறுத்தணுமா வேண்டாமான்னு என்கிட்ட கேட்டீங்களா?"

"அட, வெளையாட்டுக்குச் சொன்னேம்மா."

"வெளையாட்டுன்னா, இவரு நிறுத்திரலாம்னு சொன்னப்பவே சிரிச்சிருப்பீங்களே சார்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் என் கணவரிடம், "வீட்ல நீ வாயே தெறக்கறதில்ல போலயே" என்றார். கடைக்கார அம்மா பார்சலைக் கொண்டுவந்து நீட்ட, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"எத்தன பேர் பாக்கறாங்க! என் மானத்த வாங்கிட்டியே" என்று பல்லைக் கடித்தார் என் கணவர். "அவரு வாய அடைக்கத்தான் அப்டிச் சொன்னேன்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்னீங்களே, அது யாரு வாய அடைக்க?"

அவர் அதன்பிறகு எதையும் தொடவில்லை. நான் மிச்ச மோமோவையும் தின்று, சூப்பில் நூடுல்ஸ் மிதக்கும் துக்பாவையும் வரவழைத்துத் தின்றேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. கடைக்கார அம்மா தயங்கித் தயங்கி வந்து, "காரம் ஜாஸ்தியா அக்கா?" என்றார்.

"இல்லங்க, நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் சட்னி கொண்டாங்க."

திரும்பும்போது பைக்கில் அவர் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் நான் வழக்கம்போல் பஸ் ஏறினேன்.

கொஞ்ச நாளில் அந்த இன்சார்ஜ் பதவி அவருக்கே கிடைத்தது. என் வேலையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அதை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. கேட்டது ஒரு மேனேஜர் என்பதற்காக, தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுப்பதுபோல என் வேலையை எடுத்து நீட்டிவிட்டார்.

இப்போது சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் அவர் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். எம்பொண்டாட்டி மேனேஜரயே வெரட்டுனவ என்று ஆரம்பிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தான் சொன்ன பதிலை மட்டும் அவர் சொல்வதே இல்லை. போன பொங்கலுக்கு அவருடைய அக்கா வீட்டில், நான் சமையலறையிலிருந்து வந்து அதையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் அவர் அக்கா.

"கதை முழுசா இருக்கட்டுமேன்னுதான் அண்ணி" என்றேன்.