லைனை வெச்சிடாதீங்க

நான் கதை எழுதுகிறவன் இல்லை. புரோகிராம் எழுதுகிறவன். ஒரு புள்ளி இடம் மாறினாலும் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இயந்திரத்தோடு பல வருடங்களாக மல்லுக்கட்டுகிறேன். இட்டுக்கட்டிப் பேசும் தெம்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. இது நான் என் காதால் கேட்டது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எங்கள் கம்பெனி விற்பது ஒரு பட்டன். தனியாக இருக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வது. விழுந்தாலோ மயக்கம் வந்தாலோ அழுத்தினால் போதும். எங்கள் ஆபீஸில் மணி அடிக்கும், ஒருவர் எடுத்துப் பேசுவார், பட்டனிலிருந்தே அவர் குரல் கேட்கும். பேச்சு முழுவதும் சர்வரில் பதிவாகும். அந்தச் சர்வரைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

என் அம்மாவுக்கும் ஒரு பட்டன் வாங்கிக் கொடுத்திருந்தேன். அப்பா போன பிறகு வேறு ஊரில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்து இரு என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். பேச்சு என்றால் அவளுக்கு உயிர். தவறான நம்பரில் கூப்பிட்டவரிடம்கூட அரை மணி நேரம் குசலம் விசாரித்துவிட்டுத்தான் போனை வைப்பாள்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அவளிடம் பேசினேன்.

“லேசா தலை சுத்துதுடா. படுத்தா சரியாயிடும்.”

“பட்டன் கழுத்துல இருக்கா?”

“இருக்கு, இருக்கு. நீ மொதல்ல போய்த் தூங்கு. கொரலே சரியில்ல.”

எங்கே தூங்க? எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர் போன வாரம் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மௌனசாமி. பைத்தான் என்கிற கணினி மொழியில் மூவாயிரம் வரி எழுதியிருந்தார். இது எதற்கு, அது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. பாதி வரிகளின் முன்னால் டேப், மீதி வரிகளின் முன்னால் ஸ்பேஸ். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம்தான். பைத்தானுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும், தெரிந்ததும் உட்கார்ந்துவிடும். எந்தப் பிழை வந்தாலும் ‘கண்டுக்காதே, மேலே போ’ என்கிற மாதிரி வேறு எழுதி வைத்திருந்தார். அவர் இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டையை ராத்திரி பகலாக நான் சுமந்துகொண்டிருந்தேன். கண்ணில் மண்ணை வாரிப் போட்டதுபோல் எரிந்தது.

இரவு 2:20. தலையணைக்கு அடியில் போன் அலறியது. சர்வரின் எச்சரிக்கை. டிஸ்க் 97 சதவீதம் நிறைந்துவிட்டது.

“மறுபடியுமா?” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலேயே.

“நீ தூங்கு.”

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். நூறு சதவீதம் ஆகிவிட்டால் புது அழைப்பு எதுவும் உள்ளே வராது. பட்டனை அழுத்துகிறவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான கழுத்துகள். அதில் ஒன்று என் அம்மாவுடையது. தலை சுற்றுகிறது என்று வேறு சொன்னாளே…

இருக்கிற கோப்புகளையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். டிஸ்கில் பாதிகூட வரவில்லை. ஆனால் டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது சர்வர். எங்கள் சர்வரை ஓட்டும் யூனிக்ஸில் இது பழகிய தலைவலிதான். அங்கே ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்வரை கோப்பு போகாது. பெயரில்லாமல் உள்ளேயே இருக்கும். பிடித்தவர் கையை விட்டால்தான் போகும்.

அப்படி எதுவும் இருக்கிறதா என்று தேடினேன். ஒரே ஒன்று அகப்பட்டது. ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு ஒரு பேச்சுப் பதிவு. பதினோரு நாளுக்கு முன் தொடங்கிய அழைப்பு.

இன்னும் முடியவில்லை.

பிடித்திருக்கும் புரோகிராமைத் தொடாமல் கோப்பை மட்டும் காலி செய்ய ஒரு குறுக்கு வழி உண்டு. செய்தேன். 97 என்பது சட்டென்று 41 ஆனது. அப்பாடா என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

2:44. திரும்பி வந்து பார்த்தேன்.

97.

பதினோரு நாளில் சேர்ந்தது இரண்டே நிமிடத்தில் எப்படித் திரும்ப வரும்? தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுபடி காலி செய்தேன். 41. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 55… 73… 97.

ஆபீஸில் அழைப்புகளை எடுப்பது ஹெட்போன் அக்கா. ராத்திரி வேலைக்கென்றே இருக்கிறவர். அவரைக் கூப்பிட்டேன்.

“அக்கா, இப்ப ஏதாவது லைன் ஓடுதா?”

“இல்லியே தம்பி. ரெண்டு மணியிலேர்ந்து ஒரு கால் இல்ல.”

“பதினோரு நாளா ஒண்ணு ஓடிட்டிருக்கே.”

அவர் மெதுவாகக் கேட்டார்.

“எந்த நம்பர்?”

சொன்னேன்.

“அத அழிச்சாச்சே…” என்றார். போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

சரி, என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பதிவின் கடைசி இருபது நொடியை மட்டும் வெட்டி எடுத்தேன். காதில் ஹெட்போனை மாட்டினேன். 3:06.

சுவர்க்கடிகாரச் சத்தம். டிக்… டிக்… யாரோ மூச்சு விடுகிற சத்தம். அப்புறம் ஒரு வயதான ஆண் குரல்.

“இருக்கியாம்மா?”

டிக்… டிக்…

“இருக்கியா?”

“யாருய்யா இது…” என்று முணுமுணுத்தேன். பழக்கதோஷம். எரிச்சல் வந்தால் திரையோடு பேசுவேன்.

மறுபடி கடைசி இருபது நொடியை வெட்டினேன்.

டிக்… டிக்…

பிறகு ஒரு குரல்.

என்னுடையது.

“யாருய்யா இது…”

ஹெட்போனுக்குள் என் குரலை நானே கேட்டேன். சர்வர் இருப்பது எங்கோ ஒரு கட்டடத்தில். என் லேப்டாப்பின் மைக்கை நான் எப்போதும் அணைத்துத்தான் வைப்பேன். மறுபடி பார்த்தேன், அணைந்தேதான் இருந்தது.

என் குரலுக்குப் பின் அவர் பேசினார். நிதானமாக.

“தம்பி புதுசா? அந்தப் பொண்ணு எங்க?”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டேன். குளிர்சாதனப் பெட்டி உறுமியது. அடுத்த அறையில் மனைவி புரண்டு படுத்தாள். எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது.

திரையைப் பார்த்தேன்.

98.

புரோகிராமை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. kill என்று தட்டினேன். மரியாதையாக ‘நின்றுவிடு’ என்று சொல்கிற கட்டளை அது. நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்துவிடக் கூடாதென்று மௌனசாமி அப்படி எழுதியிருந்தார். வாழ்க்கையிலேயே அவர் உருப்படியாகச் செய்த ஒரு காரியம், அது என் தலையில் வந்து விடிந்தது.

99.

இன்னொரு கட்டளை இருக்கிறது. kill -9. அதை எந்தப் புரோகிராமாலும் தட்டிக்கழிக்க முடியாது. தட்டிவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி.

மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து சத்தம் வந்தது.

நான் எதையும் ஓடவிடவில்லை.

எடுத்துக் காதில் வைத்தேன்.

“லைனை வெச்சிடாதீங்க தம்பி… தனியா இருக்கேன்.”

பயத்தைவிட அலுப்புதான் அப்போது எனக்கு அதிகமாக இருந்தது. மூன்று ராத்திரி தூக்கமில்லை. அழுகை வந்தது.

“மன்னிச்சிடுங்கய்யா,” என்றேன். “எங்கம்மாவும் உங்கள மாதிரி தனியாத்தான் இருக்கா. அவளுக்கு லைன் வேணும்.”

டிக்… டிக்…

“அப்படியா?” என்றார்.

என்டரை அழுத்தினேன். 3:25.

ஹெட்போனில் சத்தம் நின்றது. டிஸ்க் 41. அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பார்த்தேன். ஏறவில்லை. மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

6:10க்கு ஹெட்போன் அக்கா கூப்பிட்டார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்துவிட்டிருந்தார். வண்டிகளின் சத்தம் கேட்டது.

“தம்பி, ராத்திரி பயந்துட்டேன். அந்த லைன எடுத்தது நான்தான். வயசானவர். விழுந்துட்டேம்மா, வெச்சிடாத, தனியா இருக்கேன்னார். வைக்க மாட்டேன்யான்னு சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பிட்டு நாப்பது நிமிஷம் பேசிட்டிருந்தேன். அப்புறம், யாரோ கதவத் தட்டறாங்க, தொறக்கட்டுமான்னு கேட்டார். நீங்க எழுந்திருக்காதீங்க, அவங்களே வருவாங்கன்னேன்.”

“சரிக்கா. அப்புறம்?”

“இன்னொரு லைன்ல ஆம்புலன்ஸ்காரங்க வந்தாங்க. கதவ ஒடச்சிட்டோம், உயிர் போய் ரெண்டு நாள் ஆச்சுங்கறாங்க. என் காதுல அவர் இன்னும் பேசிட்டிருக்கார் தம்பி. யாரும்மா வந்திருக்காங்கன்னு கேக்கறார்.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடியவர், லைனைத் துண்டிக்கவே இல்லை. அந்தப் பதிவை அழித்துவிடச் சொல்லி மறுநாள் மௌனசாமியிடம் கெஞ்சியிருக்கிறார். அவரும் அழித்துவிட்டார். பெயரை மட்டும். அந்தப் பெரியவரின் பட்டன் எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

“இப்ப முடிஞ்சுதுக்கா. நிறுத்திட்டேன். நீங்க போய்த் தூங்குங்க,” என்றேன்.

6:25க்கு மறுபடி போன் அடித்தது. அம்மா.

“எழுந்துட்டியா கண்ணா?”

“தலை சுத்தல் எப்படிம்மா இருக்கு?”

“அதெல்லாம் போயே போச்சு. ராத்திரி ஒரு பெரியவர் பட்டன்ல பேசினார்டா. நல்ல மனுஷர். நீதான் சொன்னியாமே, எங்கம்மாவும் தனியாத்தான் இருக்கான்னு?”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“பேசிப் பேசிப் பொழுதே விடிஞ்சிடுச்சு. பாவம், வெச்சிடாதீங்கம்மான்னு கேட்டார். வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“அம்மா, அத வெச்சிடு. கழட்டிப் போடு.”

“ஏன்டா? பேச்சுத் துணைக்கு ஒரு ஆள்.”

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அம்மாவின் எதிர்வீட்டு டீச்சரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. அவரைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினேன். தன் போனில் கூப்பிட்டாள். டீச்சர் உடனே போவதாகச் சொன்னார். நான் அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

6:34.

போனில் ஒரு சத்தம். டொக்… டொக்… டொக்…

“இருடா,” என்றாள் அம்மா. “யாரோ கதவத் தட்டறாங்க. தொறக்கட்டுமா?”

எனக்குப் புரிந்துவிட்டது.

“வேணாம்மா,” என்றேன். “நீ எழுந்திருக்காத. அவங்களே வருவாங்க.”

மனைவியின் போனில் டீச்சர் அலறுவது எனக்கும் கேட்டது.

டாக்டர் பிறகு சொன்னார், அம்மா முந்தைய இரவு பத்து மணி வாக்கிலேயே போய்விட்டாள் என்று. என்னோடு பேசிவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பட்டன் அவள் கழுத்தில் இல்லை. சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய போனும் சார்ஜ் இறங்கி அணைந்துதான் கிடந்தது.

டீச்சர் அலறியபோது என் காதில் அம்மா கேட்டாள், “யாருடா வந்திருக்காங்க?” என்று.

அந்த அழைப்பை நான் இதுவரை வைக்கவில்லை. வேலைக்கு வேறு போன் வாங்கிக்கொண்டேன். பழைய போன் சார்ஜரிலேயே கிடக்கிறது. பேசும் நேரத்தைக் காட்டும் எண் திரையில் ஏறிக்கொண்டே இருக்கிறது. மனைவி ஒன்றும் கேட்பதில்லை. வீடு பெருக்கும்போது அந்த ஒயரில் மட்டும் கால் படாமல் சுற்றிப் போகிறாள்.

நேற்று ராத்திரி எடுத்துக் காதில் வைத்தேன். இரண்டு பேர் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மூச்சுச் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

டிக்… டிக்…

“இருக்கியாடா?” என்றாள் அம்மா.

“இருக்கேம்மா,” என்றேன்.